ஆரோக்கியமேரியின் முக்கால் காணி

நடந்தது இது:

1. அரவை சூடுபிடித்திருந்த நாளொன்றில், காலை வேளையில், ஆரோக்கியமேரி என்ற விவசாயியின் கரும்பை ஏற்றிய மூன்றாவது லாரி ஆலை வாசலில் வந்து நின்றது.

2. கம்ப்யூட்டர் அவருக்குக் கொடுத்திருந்த வெட்டு உத்தரவு இரண்டு லோடுக்கு மட்டும்.

3. கரும்பு ஆய்வாளர் லாரியை உள்ளே விடவில்லை. அது அந்த அம்மாவின் நிலத்துக் கரும்பே இல்லை, பதிவு செய்யாத யாருடைய கரும்பையோ தன் பெயரில் ஓட்டுகிறார் என்றார்.

4. அப்படி ஓட்டுகிறவரின் பதிவை ரத்து செய்வது ஆலையின் விதி. ரத்தானால் அடுத்த பருவத்தில் அவர் கரும்பை ஆலை வாங்காது.

5. தன் நிலம் நாற்பது என்றார் ஆரோக்கியமேரி. கம்ப்யூட்டரும் நாற்பது என்றது.

6. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் இந்த அறையைப் பொறுப்பேற்கப் போகும் உங்கள் இருவருக்காக இதை எழுதுகிறேன். இப்படி எழுதி வைத்துவிட்டுப் போவது ஓய்வு பெறுகிறவர்களின் பழக்கம். எனக்கு அந்த வயது ஆகவில்லை. சென்னையில் வேறு வேலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்த ஆலையில் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அதோடு இருந்தவர்கள் நானும் விஜயாவும் மட்டும்தான். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை விஜயா உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாள். நான் எழுத நினைத்தது வேறு. ஒரே பெயருக்குப் பல வேலை கொடுக்கும் அந்த வழி, அதாவது மெத்தட் ஓவர்லோடிங், எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதைப் பற்றி.

ஓவர்லோடிங் என்ற சொல்லை முதலில் கேட்டபோது விஜயா சிரித்தாள். "ஓவர்லோடுன்னா நம்ம கேட்டுலயே நிறுத்திடுவாங்களேடி" என்றாள். இந்த ஆலையில் அந்தச் சொல்லுக்கு லாரியைத் தவிர வேறு நினைப்பு வராது. நான் அந்த கேட்டையே காட்டித்தான் அவளுக்கு விளக்கினேன். எங்கள் காவலாளி கேட்டில் நின்றுகொண்டு வருகிற எல்லோருக்கும் "உள்ள போ" என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்வார். லாரிக்காரர் அதைக் கேட்டால் நேராக எடைமேடைக்குப் போவார். மாட்டு வண்டிக்காரர் வேப்பமரத்துப் பக்கம் இருக்கும் வண்டி வரிசைக்குப் போவார். சைக்கிளில் வருகிறவர் இறங்கி, பாஸை எடுத்துக் காட்டிவிட்டு நடந்து போவார். வார்த்தை ஒன்று. வந்திருப்பது எது என்பதைப் பொறுத்து நடப்பது வேறு. "லாரியே எடைமேடைக்குப் போ, மாட்டு வண்டியே மரத்தடிக்குப் போ" என்று அவர் தனித்தனியாகக் கத்த வேண்டியதில்லை. ஓவர்லோடிங் அவ்வளவுதான். மெத்தட் என்றால் புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் துண்டு; பல மெத்தட்களுக்கு ஒரே பெயர் வைத்தால், அடைப்புக்குறிக்குள் என்ன கொடுக்கிறோம், எத்தனை கொடுக்கிறோம் என்பதைப் பார்த்து எந்த வேலையைச் செய்வது என்று புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் முடிவு செய்கிறது.

சென்னையிலிருந்து வந்து எங்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் இந்த வழியை எதற்குப் பயன்படுத்தினார் என்று புரிய, இந்தப் பக்கத்து நிலக் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். நீங்கள் இருவரும் வெளியூர் என்பதால் சொல்கிறேன்.

வில்லியனூரிலிருந்து மண்ணாடிப்பட்டுக்கு டவுன் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். புதுச்சேரிக்குள் ஏறுவீர்கள், நடுவில் தமிழ்நாட்டுக்குள் இருப்பீர்கள், மறுபடி புதுச்சேரி வரும். எல்லை அப்படி வெட்டி வெட்டிப் போகிறது. எங்கள் ஆலைக்கு இரண்டு பக்கமிருந்தும் கரும்பு வருகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்து நிலம் ஏக்கர், சென்ட். புதுச்சேரிப் பக்கத்து நிலம் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கதாஸ்தர் அளவைப்படி எக்டேர், ஆர், சென்டியார். ஆனால் களத்துமேட்டில் நின்று பேசும்போது இரண்டு பக்கத்திலும் குழி, காணிதான். நூறு குழி ஒரு காணி.

அந்தப் புரோகிராமர் இதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். குழி என்றால் ஓர் எண். ஏக்கர், சென்ட் என்றால் இரண்டு எண்கள். எக்டேர், ஆர், சென்டியார் என்றால் மூன்று எண்கள். எனவே பரப்பு என்று ஒரே பெயரில் மூன்று மெத்தட்களை எழுதினார். (புரோகிராமில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்.) பரப்பு(75) என்றால் குழி. பரப்பு(1, 20) என்றால் ஒரு ஏக்கர் இருபது சென்ட். பரப்பு(0, 53, 50) என்றால் ஐம்பத்து மூன்று ஆர், ஐம்பது சென்டியார். அடைப்புக்குறிக்குள் எத்தனை எண் என்று எண்ணிப் பார்த்தே எந்த அளவை என்று தெரிந்துவிடும். அழகாகத்தான் இருந்தது. இப்போதும் அதை அழகு என்றுதான் சொல்வேன்.

நேரம் போதாததால் அவர் ஒரு குறுக்கு வழியும் எடுத்திருந்தார். பதிவு செய்த விவசாயிகளின் விவரத்தைத் தனியாக வைக்காமல் புரோகிராமின் வரிகளாகவே வைத்திருந்தார். ஒருவருக்கு ஒரு வரி. களப்பணியாளர்கள் கொண்டுவரும் சீட்டைப் பார்த்து விஜயா வரியை அடிப்பாள். காலையில் கம்பைல் செய்வோம். நிலத்தின் பரப்பைப் பார்த்து, கரும்பின் வயதைப் பார்த்து, யாருக்கு எத்தனை லோடு வெட்டு உத்தரவு என்பதை மாலை ஐந்து மணிக்குள் அச்சடித்துக் கொடுப்போம். அதை வைத்துத்தான் மறுநாள் வெட்டு ஆட்களும் லாரிகளும் போவார்கள். உத்தரவு இல்லாவிட்டால் மறுநாள் ஆலைக்குக் கரும்பு இல்லை.

இனி அந்தக் காலை.

ஆய்வாளர் என்னை, கேட்டுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் யார்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆரோக்கியமேரி என்ற பெயருக்கான வரியை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியில் பார்த்தபோது அது சரியாகத்தான் இருந்தது. நாற்பது சென்ட், இரண்டு லோடு.

ஆய்வாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பருவம்தான் விழுப்புரம் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து எங்களிடம் வந்திருந்தார். பதிவு செய்யாத கரும்பை அடுத்தவர் பெயரில் ஓட்டுவதை அங்கே பலமுறை பிடித்தவர். ஆரோக்கியமேரியின் நிலத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய கொழுந்தனாரின் நிலம். அதிலும் அதே ரகக் கரும்பு. கொழுந்தனார் ஆலையில் பதிவு செய்யவில்லை, வெல்லம் காய்ச்சுகிறவருக்குக் கொடுக்கிறவர். ஆய்வாளருக்கு இது போதுமானதாக இருந்தது.

ஆரோக்கியமேரி லாரியின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வில்லியனூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் பங்கு கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். கணவர் டவுனில் பஞ்சாலை ஷிப்டுக்குப் போகிறவர் என்பதால் கழனி முழுக்க இவர் பார்வையில்தான். நெல் போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் முதல்முறையாகக் கரும்பு வைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி வைத்தது என்று பின்னால் தெரிந்தது.

"இந்தாம்மா, நாப்பதுல மூணு லோடு வருமா?" என்றார் ஆய்வாளர். "கரும்பு வச்சியா, மூங்கில் வச்சியா?"

"கரும்புதான் வச்சன். இன்னும் ரெண்டு லோடு கழனியில நிக்குது. வந்து பாரு சார்."

"அப்ப மொத்தம் அஞ்சு லோடா? எங்க ஆலையில இப்படி ஒருத்தரும் எடுத்ததில்ல. உன்ன கூட்டினு போயி மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லணும்."

சுற்றி நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "நான் இன்னா திருடியா சார்?" என்று மட்டும் கேட்டார். ஆய்வாளர் என் பக்கம் கையை நீட்டினார். என்னிடமிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவே நாற்பது என்று ஒப்புக்கொண்டாயிற்று, மெஷினும் நாற்பது என்கிறது, இனி விசாரிக்க ஒன்றும் இல்லை, ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார்.

லாரி டிரைவர் தன் கவலையைச் சொன்னார். வெட்டிய கரும்பு வெயிலில் நிற்கிறது, நேரம் ஆக ஆகச் சாறு வற்றும். ஆரோக்கியமேரிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. வெட்டு மேஸ்திரி அன்று மாலை வரைதான் அவர் கழனியில் இருப்பார். மறுநாள் ஆட்களோடு பாகூர் பக்கம் போய்விட்டால் மறுபடி முறை வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மீதிக் கரும்பு பூத்துச் சக்கையாகிவிடும்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்லும்போது, அந்த எண்ணையே திரும்பக் கேட்பதில் பயன் இல்லை. எத்தனை முறை கேட்டாலும் நாற்பதுதான் வரும். அந்த எண் வராத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். எனக்கு அப்போது இவ்வளவு தெளிவாகத் தோன்றியது என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மா "இன்னும் ரெண்டு லோடு நிக்குது" என்று சொன்ன விதம், ஒத்திகை பார்த்து வந்தவர் பேசுவதுபோல இல்லை. அதனால் வேறு எதையாவது பேசச் சொல்லிக் கேட்போம் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, முன்ன அந்த நிலத்துல நெல்லுதானே போட்டீங்க? எவ்வளவு விதை விடுவீங்க?"

"இது இன்னா கேள்வி பாப்பா? முக்கா காணிக்கு எம்மாம் வெதை போவுமோ அம்மாம்."

முக்கால் காணி என்றால் எழுபத்தைந்து குழி. ஓர் ஏக்கருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நாற்பது சென்ட் என்பது அதில் பாதி கூட இல்லை. ஆய்வாளரும் காணிக் கணக்குத் தெரிந்தவர்தான். "இப்ப காணின்னு மாத்துறாங்க பாருங்க மேடம்" என்றார். ஆனால் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

"அக்கா, நாப்பதுன்னு சொன்னீங்களே. நாப்பது இன்னா?"

ஆரோக்கியமேரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு படித்தவள் இதைக் கேட்கிறாளே என்ற பார்வை. "நாப்பது ஆர். வேற இன்னா? கதாஸ்தர்ல அப்படித்தான கீது."

"ஆரா?" என்றார் ஆய்வாளர். அவர் வேலை பார்த்த ஊர்களில் அந்த அளவை கிடையாது. ஓர் ஆர் ஏறக்குறைய இரண்டரை சென்ட்; நாற்பது ஆர் என்றால் அந்த முக்கால் காணியேதான். நாற்பது என்றதும் அவர் காதில் சென்ட் என்று தானாகவே சேர்ந்துகொண்டது. எங்கள் புரோகிராமும் அதையே செய்திருந்தது.

அறைக்கு ஓடினேன் என்று சொல்ல மாட்டேன், வேகமாக நடந்தேன். வரியைத் திரையில் பார்த்தோம். பரப்பு(0, 40). விஜயாவிடம் களப்பணியாளர் கொடுத்த சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சென்டியார் ஒன்றும் இல்லாத நிலத்துக்கு, கடைசிப் பூஜ்யத்தை யாரும் எழுதுவதில்லை, சொல்வதும் இல்லை. நாற்பது ஆர் என்றால் நாற்பது ஆர். அதற்குப் பின்னால் "பூஜ்யம் சென்டியார்" என்று சொல்கிறவரை இந்த ஊரில் யாரும் ஒழுங்கான ஆளாக நினைக்க மாட்டார்கள். ஆக மூன்று எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு எண் வந்தது. இரண்டு எண் என்றால் ஏக்கர், சென்ட். கம்பைலர் தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே செய்தது.

"இன்னாடி, என் தலையிலயா வந்து விடியுது?" என்றாள் விஜயா.

யார் தலையிலும் இல்லை என்றேன். அவள் சீட்டில் இருந்ததை அடித்தாள். களப்பணியாளர் ஊரில் எழுதுகிறபடி எழுதினார். ஆய்வாளர் தனக்குத் தெரிந்த கணக்கில் கேட்டார். சென்னைக்கு டிரங்க் கால் போட்டு அந்தப் புரோகிராமரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, எரர் ஏதாவது வந்ததா என்பதுதான். வரவில்லை. அதுதான் சிக்கலே. கேட்டில் நிற்பவர் மாட்டு வண்டியை லாரி என்று நினைத்து எடைமேடைக்கு அனுப்பினால் மேடைக்காரர் சத்தம் போடுவார். இங்கே சத்தம் போட யாரும் இல்லை. தப்பான மெத்தடுக்குப் போன எண்ணும் அங்கே பொருத்தமாகத்தான் உட்கார்ந்துகொண்டது. நாற்பது சென்ட் நிலம் ஒன்றும் உலகத்தில் இல்லாத சங்கதி அல்ல.

அப்போது மதியம் தாண்டியிருந்தது. என் கையில் இருந்ததைத் தாளில் எழுதிக்கொண்டேன்.

தெரிந்தவை: ஆரோக்கியமேரியின் நிலம் நாற்பது ஆர். இதேபோல இரண்டு எண்களோடு இருக்கும் வரிகள் இன்னும் நிறைய.

தெரியாதவை: அவற்றில் எது ஆர், எது நிஜமாகவே சென்ட்.

செய்தாக வேண்டியது: ஐந்து மணிக்கு மறுநாளைக்கான உத்தரவு.

எளிமையான வழியை விஜயாதான் முதலில் சொன்னாள். புதுச்சேரிப் பக்கத்து முகவரி இருக்கிற எல்லா இரண்டு எண் வரிகளுக்கும் பின்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துவிட்டால் ஆயிற்று. ஒரு மணி நேர வேலை. கரும்பு மேலாளரிடம் போய்ச் சொன்னபோது அவருக்கும் அதுதான் தோன்றியது. ஆலை அரைத்துக்கொண்டிருக்கும்போது கரும்பு இல்லாமல் நின்றால் அவருக்குத்தான் தலைவலி. ஆய்வாளரும் பக்கத்தில் இருந்தார். பூஜ்யத்தைச் சேர்த்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டால் என்னால் மறுத்திருக்க முடியாது.

ஆனால் சீட்டில் இருக்கும் முகவரி விவசாயியின் வீட்டு முகவரி. நிலம் எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை. எங்கள் ஊரில் வீடு ஒரு மாநிலத்திலும் கழனி அடுத்த மாநிலத்திலும் இருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. நான் பூஜ்யம் சேர்த்தால் ஆரோக்கியமேரி தப்பிப்பார். அதே கையோடு வேறு சிலருக்கு நிலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் உத்தரவு போய்விடும். அப்படி ஒரு தாளைக் கையில் வைத்திருப்பவர் நிஜமாகவே அடுத்தவர் கரும்பை ஓட்டலாம். ஓட்டாதவரையும், மீதி லோடு எங்கே என்று கேட்டு இதே ஆய்வாளர் இதே இடத்தில் நிறுத்தலாம்.

மேலாளர் என்னிடம் நேராகக் கேட்டார். "உறுதியா சொல்றியாம்மா?"

"இந்த அம்மா விஷயத்துல உறுதி சார். மத்தவங்க விஷயத்துல உறுதி இல்ல. எங்க போயி பார்க்கணும்னு மட்டும் தெரியும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார், அப்படியானால் ஐந்து மணிக்கு எதை அச்சடிப்பாய் என்று. என் தாளில் அதற்கு விடை இருந்தது. மூன்று எண் வரிகளில் சந்தேகம் இல்லை. குழியில் இருப்பதிலும் இல்லை. அவற்றில் நாளை மறுநாள் வெட்ட வேண்டியவற்றை ஒரு நாள் முன்னால் இழுத்தால் நாளைக்கு ஆலை ஓடும். இரண்டு எண் வரிகளை மட்டும் நிறுத்தி வைத்து, நாளை ஒரே நாளில் களப்பணியாளர்கள் போய், நிலம் எந்தப் பக்கம், நாற்பதா ஐம்பதா என்று கேட்காமல் எத்தனை காணி என்று கேட்டு வரட்டும்.

முன்னால் இழுத்தால் சில கழனிகளில் கரும்பு ஒரு நாள் இளசாக இருக்கும், அவ்வளவுதான் என்றார் மேலாளர். சரி என்றார்.

 வெளியே வந்ததும் ஆய்வாளர் கேட்டை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். லாரியை உள்ளே விடச் சொன்னார். பிறகு ஆரோக்கியமேரியிடம், மேஸ்திரி இன்னும் கழனியில் இருக்கிறாரா என்று விசாரித்தார்.

"இருந்தாரு. நான் இங்க வந்து மாட்டினது தெரிஞ்சா கெளம்பியிருப்பாரு" என்றார் அவர்.

"வண்டியில உக்காரு. போயி நிறுத்துவோம்."

"உன் வண்டியிலயா? காலையில திருடின்ன, இப்ப பின்னாடி ஏறுன்ற. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"புடிச்சிட்டுப் போறதா நெனைப்பாங்க. ஏறும்மா."

இந்த முறை வண்டிக்காரர்கள் சிரித்தபோது ஆரோக்கியமேரியும் சிரித்தார். இருவரும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனார்கள். மேஸ்திரி அரிவாள்களைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் தெரிந்தது. மீதிக் கரும்பை வெட்டிய பிறகே பாகூர் போவது என்று முடிவானது. அதற்கான உத்தரவை நான் கையாலேயே எழுதி, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அந்தப் பருவத்தில் கம்ப்யூட்டரில் அடிக்காமல் போன ஒரே உத்தரவு அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் களப்பணியாளர்கள் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தார்கள். நிறுத்தி வைத்த வரிகளில் பெரும்பாலானவை ஆர்தான். ஆனால் எல்லாம் இல்லை. வில்லியனூர் கடைத்தெருவில் வீடு வைத்திருந்த ஒருவரின் நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், நிஜமாகவே சென்ட். இன்னும் சிலருக்கும் அப்படியே. அன்று மதியம் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் சேர்த்திருந்தால் ஒரு தவறை எடுத்துவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை வைத்திருப்போம். அதற்கும் எரர் வந்திருக்காது.

அந்த வாரக் கடைசியில் புரோகிராமை மாற்றினோம். இதை எப்படிச் செய்தோம் என்பதைவிட ஏன் இப்படிச் செய்தோம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சென்னைக்காரர் போனில் சொன்ன யோசனை, இரண்டு எண் வந்தால் கம்ப்யூட்டரே திருப்பிக் கேட்கும்படி செய்யலாம் என்பது. அவசரத்தில் இருக்கும் ஆள், கேள்வியைப் படிக்காமலேயே ஆமாம் என்று அழுத்துவார். நானே அப்படி அழுத்தியிருக்கிறேன். எனவே பரப்பு என்ற பொதுப் பெயரையே எடுத்துவிட்டோம். குழிப்பரப்பு, ஏக்கர்பரப்பு, எக்டேர்பரப்பு என்று மூன்று தனிப் பெயர்கள். களப்பணியாளரின் சீட்டிலும் எந்த அளவை என்று முதலில் எழுதச் சொன்னோம். எக்டேர்பரப்புக்கு மூன்று எண் கட்டாயம். இரண்டு கொடுத்தால் இப்போது கம்பைல் ஆகாது, நின்றுவிடும்.

விஜயா கேட்டாள், அப்படியானால் ஓவர்லோடிங்கே வேண்டாமா என்று. அப்படி இல்லை. எடை போடும் பகுதியில் அதை அப்படியே வைத்திருக்கிறோம். லாரியைக் கொடுத்தால் ஒரு விதமாகவும் மாட்டு வண்டியைக் கொடுத்தால் வேறு விதமாகவும் கழிவு பார்க்கிறது. பெயர் ஒன்றே. அங்கே எதைக் கொடுக்கிறோம் என்பதில் குழப்பம் வர வழியில்லை. லாரியில் ஒன்றைக் குறைத்தால் அது மாட்டு வண்டியாகிவிடாது. மூன்று எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அது வேறு ஊரின் இரண்டு எண் ஆகிவிடுகிறது. ஒரே பெயரைப் பல வேலைக்கு வைக்கும்போது நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான்: கொடுப்பவர் ஒன்றை விட்டுவிட்டால் சத்தம் வருமா, அல்லது சத்தமில்லாமல் வேறு வேலை நடந்துவிடுமா? சத்தம் வராது என்றால் தனிப் பெயர் வையுங்கள். புரோகிராம் கொஞ்சம் நீளமாகும். பரவாயில்லை.

கொடுப்பவர் யார் என்பதையும் போய்ப் பாருங்கள். அந்த மூன்று மெத்தட்களையும் எழுதியவர் கெட்டிக்காரர். இந்த ஊரின் மூன்று அளவைகளையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதினார். அவற்றை இந்த ஊர்க்காரர்கள் வாயில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது யார்டுக்குப் போய் நில்லுங்கள். யாரும் கூப்பிடாதபோதே போங்கள்.

நான் போகும்போது இருக்கும் நிலைமை:

ஆரோக்கியமேரியின் ஐந்து லோடும் ஆலைக்கு வந்து சேர்ந்தன. அவர் பதிவு ரத்தாகவில்லை. இந்தப் பருவத்துக்கு, வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும் கட்டைக்கரும்பு விட்டிருக்கிறார், நன்றாக வந்திருக்கிறது. வெல்லத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்த கொழுந்தனாரும் இப்போது பதிவு செய்துகொண்டார். அந்தச் சீட்டை எழுதிக் கொண்டுவந்தவர் அதே ஆய்வாளர்.

விவசாயிகளின் விவரத்தைப் புரோகிராமிலிருந்து பிரித்துத் தனிக் கோப்பில் வைக்கும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதி உங்களுக்கு.

எடைப் பகுதியில் ஒரே பெயர், இரண்டு மெத்தட். அதில் கை வைக்க வேண்டாம்.

ஆரோக்கியமேரியின் வரி இப்போது எக்டேர்பரப்பு(0, 40, 0). அந்தக் கடைசிப் பூஜ்யத்தை அழித்தால் புரோகிராம் ஓடாது. ஓடக் கூடாது.